விழுகிறவரின் கணக்கு

களத்துமேட்டில் கதாநாயகனைச் சுற்றி ஆறு பேர் நிற்கிறார்கள். முதல் ஆள் கையை ஓங்கிக்கொண்டு ஓடி வருகிறான். கதாநாயகன் பின்வாங்கவில்லை. ஓங்கிய கையைப் பற்றி, சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பி, முழங்காலை மடக்கி, இடுப்பை அவன் வயிற்றுக்குக் கீழே கொடுக்கிறான். அடுத்த நொடி அந்த ஆளின் கால்கள் வானத்தைப் பார்க்கின்றன. அதற்கடுத்த நொடி முதுகு தரையில் அறைய, புழுதி கிளம்புகிறது. தஞ்சாவூரிலும் மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் தியேட்டர் தியேட்டராக விசில் பறந்த காட்சி இது. எந்தப் படம் என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்லி முடிக்க முடியாது. அத்தனை படங்களில் வந்துவிட்டது.

விசில் முழுவதும் தூக்கி எறிந்தவருக்குப் போகிறது. ஆனால் அந்த இரண்டு நொடிகளைப் பிரித்துப் பார்த்தால் வேறொரு கணக்கு தெரியும். வேலையில் பெரும்பங்கைச் செய்வது புவியீர்ப்பு. மிச்சத்தில் கணிசமானதைச் செய்வது எறியப்பட்ட ஆள். திரையில் நடக்கும் ஒரு வீச்சின் அறிவியல் யார் உடம்பில் நிகழ்கிறது என்று கேட்டால், விழுகிறவர் உடம்பில் என்பதுதான் பதில்.

தமிழ் சினிமாவில் இந்த வகைச் சண்டைக்கு முகவரி தந்தவர்களில் முதலில் வருபவர் ஜூடோ கே.கே. ரத்தினம். வேலூர்ப் பக்கம் குடியாத்தத்துக்காரர். 1959இல் வெளியான ‘தாமரைக்குளம்’ படத்தில் நடிகராகத் தலைகாட்டி, 1966இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘வல்லவன் ஒருவன்’ படத்தில் சண்டைப் பயிற்சியாளர் ஆனார். பிறகு 1,200க்கும் மேற்பட்ட படங்கள், கின்னஸ் பதிவு, ரஜினிகாந்துடன் ‘முரட்டுக்காளை’, ‘பாயும் புலி’ என்று நீண்ட பயணம். 2023 ஜனவரி 26 அன்று, தொண்ணூறு வயதைக் கடந்தவராக, சொந்த ஊரில் காலமானார்.

அவருக்கு முந்தைய தமிழ்ச் சண்டைக் காட்சிகள் வாளிலும் சிலம்பக் கம்பிலும் மல்யுத்தத்திலும் ஓடிக்கொண்டிருந்தன. கும்பகோணம் ஆனையடிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வயதிலேயே நாடகக் கம்பெனிக்குப் போன எம்.ஜி.ஆர்., அந்த வாள்-சிலம்ப மரபை மக்கள் மனத்தில் அழுத்தமாகப் பதித்தவர். அறுபதுகளின் நடுவில் உலகமெங்கும் ஜேம்ஸ் பாண்ட் காய்ச்சல் பரவியது. கோட் சூட் போட்ட துப்பறிவாளன் இடுப்பில் வாள் செருகிக்கொண்டு திரிய முடியாது. வெறும் கையோடு, தன்னைவிடப் பெரிய ஆளைக் கவிழ்க்கும் வித்தை அவனுக்குத் தேவைப்பட்டது. ஜெய்சங்கர் நடித்த துப்பறியும் படங்களின் காலத்தில் ஜூடோ கோடம்பாக்கத்துக்குள் வந்து உட்கார்ந்தது இப்படித்தான்.

ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவே சிறிய உடம்புக்காரர். ஐந்தடியை ஒட்டிய உயரம். பழைய ஜுஜுட்சு பள்ளிகளில் பெரிய ஆள்களிடம் அடிவாங்கிக் கற்றவர், எந்த வீச்சு ஏன் வேலை செய்கிறது என்று காரணம் தேட ஆரம்பித்தார். 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி புத்தக் கோயிலில் பன்னிரண்டு பாய் விரித்த ஓர் அறையில் தன் பள்ளியைத் தொடங்கினார். அவர் கண்டுபிடித்ததன் சாரம் ஒன்றுதான்: நிலையாக நிற்கும் ஆளைத் தூக்க முயலாதே, முதலில் அவர் நிலையைக் குலை. அதை ஜப்பானியர்கள் ‘குசுஷி’ என்கிறார்கள். குலைத்தபிறகு தன் உடம்பைச் சரியான இடத்தில் பொருத்துவது அடுத்த கட்டம். எறிவது கடைசியில்தான், அதுவும் முதல் இரண்டும் சரியாக அமைந்தால் ஏறக்குறைய தானாகவே நடந்துவிடும்.

நிலை என்றால் என்ன என்பதற்குத் தஞ்சாவூரில் இருப்பவர்கள் வெகுதூரம் போக வேண்டாம். பெரிய கோயிலுக்குப் போகும் வழியில் கடைகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தலையாட்டி பொம்மையைக் கையில் எடுத்தால் போதும். 2008-09இல் புவிசார் குறியீடு பெற்ற பொம்மை அது. அதன் அடிப்பாகம் உருண்டையாக, கனமாக இருக்கும். மேல்பாகம் உள்ளே வெற்றிடத்தோடு லேசாக இருக்கும். எடை முழுவதும் அடியில் குவிந்திருப்பதால் பொம்மையின் நிறை மையம், அந்த உருண்டையின் நடுப்புள்ளிக்கும் கீழே போய்விடுகிறது. பொம்மையைச் சாய்த்தால் தரையைத் தொடும் புள்ளி சாய்ந்த பக்கமாக உருண்டு நகர்கிறது. எடை அந்தப் புள்ளிக்கு மறுபக்கம் நின்று இழுக்கிறது. சாய்க்கச் சாய்க்க நிறை மையம் மேலே ஏறுகிறது, விட்டதும் கீழே இறங்கப் பார்க்கிறது. பொம்மை எழுந்துகொள்கிறது.

மனிதன் இதற்கு நேரெதிர். நிறை மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உயரத்தில் ஏறக்குறைய 55 சதவீதத்தில் இருக்கிறது. ஊன்றுவதற்கு இரண்டு பாதங்களும் அவற்றுக்கு நடுவே உள்ள சின்ன இடமும்தான். நிறை மையத்திலிருந்து நேர்கீழே ஒரு கோடு போட்டால் அது அந்தச் சின்ன இடத்துக்குள் விழ வேண்டும். கோடு வெளியே போன மறுகணம் உடம்பு சாயத் தொடங்கும். சாயச் சாய நிறை மையம் கீழே இறங்குவதால், தானாக எழுந்துகொள்ள வழியில்லை. ஒரு காலை எடுத்துவைத்து ஊன்றும் இடத்தை அகலப்படுத்தினால்தான் தப்பலாம். ஜூடோக்காரர் அந்தக் காலைத்தான் எடுத்துவைக்க விடாமல் செய்கிறார்.

நிலைத்து நிற்கும் கலையைத் தஞ்சாவூர் நன்றாகவே அறியும். பெரிய கோயில் விமானத்தின் மேல்தளச் சுற்றில் நாட்டிய சாஸ்திரத்தின் 108 கரணங்களில் 81 கல்லில் நிற்கின்றன. மீதிக்கு ஒதுக்கிய கற்கள் செதுக்கப்படாமலே இருக்கின்றன. ஒற்றைக் காலில் உடம்பு முறுக்கி நிற்கும் கரணங்களில், மறுகாலும் கைகளும் எங்கே நீள்கின்றன என்று கவனித்தால், நிறை மையம் ஊன்றிய பாதத்துக்கு மேலேயே இருக்கும்படி அவை எடையைப் பங்கிடுவது தெரியும். பரதநாட்டியத்தின் அரைமண்டியிலும் இந்த அறிவு தெரிகிறது. முழங்காலை வெளிப்புறம் மடக்கித் தாழ்ந்து நிற்கும்போது நிறை மையம் இறங்குகிறது. ஜூடோவில் எதிராளி எறிய வரும்போது தற்காப்பாக எடுக்கும் தாழ்நிலை அரைமண்டிக்குப் பக்கத்து வீடு. தாழ்ந்த இடுப்பைக் கவிழ்க்க அதிகம் தள்ள வேண்டும்.

இப்போது முதல் காட்சியின் இடுப்பு வீச்சுக்கு வரலாம். கல்லூரி இயற்பியல் மாணவர்கள் பல தலைமுறையாகப் புரட்டும் ஹாலிடே-ரெஸ்னிக் பாடப்புத்தகத்தில் இதற்கென்றே ஒரு கணக்கு உண்டு. எதிராளியின் எடை 80 கிலோ. எறிபவரின் வலது இடுப்புதான் சுழல்புள்ளி. எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுக்கும் விசை, சுழல்புள்ளியிலிருந்து 30 செ.மீ. தள்ளி வேலை செய்கிறது. அவர் உடம்பின் நிலைமத் திருப்புத்திறன் 15 கி.கி.மீ², வேண்டிய கோண முடுக்கம் நொடிக்கு நொடி 6 ரேடியன் என்று வைத்துக்கொள்கிறது புத்தகம்.

முதலில் சரியாகச் செய்த வீச்சு. எதிராளியை முன்னால் குனியவைத்து, அவருடைய நிறை மையம் எறிபவரின் இடுப்புக்கு நேர்மேலே வரும்படி இழுத்துவிட்டார் என்று கொள்வோம். அப்போது எதிராளியின் எடை சுழல்புள்ளி வழியாகவே போகிறது, எந்தப் பக்கமும் திருப்புவதில்லை. தேவைப்படும் இழுவிசை, 15-ஐ 6-ஆல் பெருக்கி 0.3-ஆல் வகுத்தால் 300 நியூட்டன். ஏறக்குறைய 30 கிலோ மூட்டையைத் தூக்கும் விசை. அரிசிக்கடையில் வேலை பார்க்கும் பையன் தினமும் செய்வது.

அடுத்தது குசுஷி இல்லாத வீச்சு. எதிராளி நிமிர்ந்தே நிற்கிறார். அவருடைய நிறை மையம் எறிபவரின் இடுப்புக்கு 12 செ.மீ. பின்னால் இருக்கிறது. இப்போது 80 கிலோ எடையும் வீச்சுக்கு எதிராகத் திருப்புகிறது. அதை வென்று அதே வேகத்தில் சுழற்ற வேண்டுமானால் சுமார் 610 நியூட்டன் தேவை. விசை இரட்டிப்பாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் வெறும் 12 சென்டிமீட்டர், ஒரு சாணில் பாதிக்குச் சற்று மேல்.

திரையில் இந்த 12 சென்டிமீட்டரைக் கடந்து வருபவர் யார்? போட்டியில் எதிராளி வர மறுப்பார், எறிபவர் இழுத்தே ஆக வேண்டும். சண்டைக் காட்சியில் ஓங்கிய கையோடு முன்னால் சாய்ந்து, குதிகாலைத் தூக்கி, தன் நிறை மையத்தைத் தானே கொண்டுவந்து கதாநாயகனின் இடுப்பில் வைப்பவர் சண்டைக் கலைஞர். அதோடு சரியான கணத்தில் தரையை உதைத்து எம்பவும் செய்கிறார். நடிகர் ஒல்லியானவராக இருந்தாலும், ஜூடோவைப் பார்த்தே இராதவராக இருந்தாலும், வீச்சு அழகாக விழுகிறது. சண்டைப் பயிற்சியாளர்கள் ‘டைமிங்’ என்று திரும்பத் திரும்பச் சொல்வது இந்தக் கணத்தைத்தான். அரை நொடி முன்னால் எம்பினால் ஆள் தானாகக் குதித்தது காட்டிக்கொடுத்துவிடும். அரை நொடி பிந்தினால் நடிகரின் இடுப்பு முறியும்.

இடுப்பு வீச்சைவிட நுட்பமானது பாதத்தைத் தட்டிவிடும் வீச்சு. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதது போலத் தெரியும். நடந்து வருகிற ஆளின் கால் தரையைத் தொடும் நேரத்தில், எதிரே நிற்பவர் தன் உள்ளங்காலால் அதைப் பக்கவாட்டில் தட்டுகிறார், ஆள் சரிகிறார். நடை என்பதே ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் விழுந்து, அடுத்த காலால் தாங்கிக்கொள்வது. தாங்க வரும் காலில் எடை முழுவதும் இறங்கிவிட்டால் உராய்வு அதைப் பிடித்துக்கொள்ளும். 70 கிலோ ஆள், உராய்வுக் கெழு 0.6 என்றால், முழு எடை இறங்கிய பாதத்தை நகர்த்த 400 நியூட்டனுக்கு மேல் வேண்டும். அதே பாதத்தில் எடையில் ஐந்திலொரு பங்கு மட்டும் இறங்கிய கணத்தில் தட்டினால் 80 நியூட்டன் சொச்சம் போதும். காலின் வலுவைவிடக் கண்ணின் கூர்மை இங்கே பெரியது. சம்பா நடவுக் காலத்தில் ஈர வரப்பில் நடப்பவர்கள் எட்டி அடிவைக்காமல், பாதத்தை நேர்கீழாக வைத்து நடப்பதற்கும் இதுவே காரணம். உராய்வு குறைந்த தரையில் பக்கவாட்டு விசையைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

டெல்டாவில் இந்தக் கணக்கை உடம்பால் போடுகிற இன்னொரு கூட்டம் உண்டு. மன்னார்குடி பக்கத்து வடுவூர் கபடிக்குப் பெயர்போன ஊர். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய ஆண்கள் கபடி அணியில் வடுவூர் அபினேஷ் இருந்தார். பாடிப் போகிறவர் 75 கிலோ, நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கோட்டுக்குத் திரும்பி ஓடுகிறார் என்றால் அவருடைய உந்தம் 375 கி.கி. மீட்டர்/நொடி. எதிரே நின்று அதை மார்பில் வாங்கினால் பிடிப்பவர்தான் பின்னால் சாய்வார். அதனால்தான் கணுக்காலைப் பிடிக்கிறார்கள். பாதம் நின்றுவிடுகிறது, ஆனால் உடம்பின் உந்தம் நிற்கவில்லை. நிறை மையம் தொடர்ந்து முன்னால் போக, மொத்த உடம்பும் கணுக்காலை அச்சாகக் கொண்டு சுழன்று குப்புற விழுகிறது. ஓடியவரின் வேகமே அவரைச் சாய்க்கிறது. தமிழ்ச் சண்டைக் காட்சிகளில் ஓடி வருபவனின் காலை வாரிவிடும் அசைவுக்கு ஜப்பான் வரை போக வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

எதிராளியின் உந்தத்தைப் பயன்படுத்தும் ஜூடோ வீச்சுகளில் கேமராவுக்கு மிகவும் பிடித்தது ‘தொமோயெ-நாகே’. துரத்தி வருபவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு தானே மல்லாந்து விழுந்து, பாதத்தை அவன் வயிற்றில் வைத்துத் தலைக்கு மேலே அனுப்பும் வீச்சு. எறிபவர் தன் நிறை மையத்தைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிடுவதால், ஓடி வந்தவனின் முன்னோக்கிய உந்தம் ஒரு வட்டப் பாதைக்கு மாறுகிறது. நின்றுகொண்டிருக்கும் ஆளிடம் இது எடுபடாது.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது, ஒரே குத்தில் ஆள் பத்தடி பறக்கும் காட்சி. குத்தும் கையோடு வருகிற எடை 4 கிலோ, வேகம் நொடிக்கு 8 மீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். உந்தம் 32. அத்தனையும் 70 கிலோ ஆளுக்குப் போய்ச் சேர்ந்தால் அவர் நகரும் வேகம் நொடிக்கு அரை மீட்டர்கூட இல்லை, தெருவில் உலாத்துவதைவிட மெதுவான நடை. அவர் உண்மையில் பத்தடி பறந்தால், உந்த அழிவின்மை விதிப்படி குத்தியவரும் எதிர்த்திசையில் தூக்கி எறியப்பட வேண்டும். பறக்கவைப்பது இடுப்புக் கச்சையில் கட்டிய ரோப். கேமராவின் சட்டத்துக்கு வெளியே நான்கைந்து பேர் அதைப் பிடித்து இழுக்கிறார்கள், அல்லது ஒரு விசையமைப்பு இழுக்கிறது. பிறகு கணினியில் ரோப்பை அழித்துவிடுகிறார்கள். இந்தக் கணக்கில் ஜூடோ வீச்சு சண்டைக் காட்சிகளிலேயே நேர்மையான அசைவு. குத்து உண்மையில் ஆளைப் பறக்கவைக்காது. சரியாக அமைந்த வீச்சு உண்மையிலேயே ஆளைத் தரையில் போடும்.

போட்டபிறகு என்ன ஆகிறது என்பதுதான் முழு ஆபத்தும் இருக்கிற இடம். சினிமாவில் வீச்சு உயரமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஆள் ஒன்றரை மீட்டரிலிருந்து விழுகிறார் என்று கொள்வோம். தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 5.4 மீட்டர், மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர். இந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எலும்பு பிழைக்கிறது. உடம்பின் சதை அமுங்குவதையும் சேர்த்து 2 செ.மீ.க்குள் நின்றால் உடம்பு வாங்கும் சராசரி விசை தன் எடையைப் போல 76 மடங்கு. 15 செ.மீ. குழையும் சேற்றில் விழுந்தால் 11 மடங்கு. 60 செ.மீ. அமுங்கும் வைக்கோலில் விழுந்தால் மூன்றரை மடங்கு. விழுந்த உயரத்தை நின்ற தூரத்தால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் இந்த எண்கள் வந்துவிடும்.

கிராமத்துப் படங்களில் வில்லனின் ஆட்கள் எப்போதும் வைக்கோல்போரிலும் நாற்றங்கால் சேற்றிலும் போய் விழுவதை இந்த எண்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மண்வாசனைக்காக மட்டும் அந்த இடங்களை எடுப்பதில்லை. 1964இல் வந்த ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தில் ஜேம்ஸ் பாண்டும் கதாநாயகியும் ஜூடோவில் மோதிக்கொள்ளும் காட்சியும் ஒரு தொழுவத்து வைக்கோலில்தான் நடக்கிறது. நகரத்துத் தெருவில் சண்டை என்றால் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி அதன்மேல் மெத்தை போடுகிறார்கள். ஒவ்வொரு பெட்டியும் நசுங்கும்போது கொஞ்சம் ஆற்றலைத் தின்றுவிடுகிறது, நிற்கும் தூரம் கூடுகிறது. கேமராவுக்கு முன்னால் கெட்டித் தரை தெரிந்தே ஆக வேண்டும் என்னும்போதுதான் விழுகிறவருக்குத் தன் உடம்பைத் தவிர வேறு மெத்தை இல்லாமல் போகிறது.

அதற்காக ஜூடோ வைத்திருக்கும் பயிற்சியின் பெயர் ‘உகேமி’. ஜூடோ பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதலில் எறியக் கற்றுத்தர மாட்டார்கள், விழக் கற்றுத்தருவார்கள். படுத்த நிலையில் தொடங்கி, உட்கார்ந்து, குந்தி, நின்று, கடைசியில் இன்னொருவர் முதுகுக்கு மேலாக என்று படிப்படியாக விழ வேண்டும். மோவாய் நெஞ்சில் ஒட்டியிருக்க வேண்டும், பின்மண்டை தரையைத் தொடவே கூடாது. முழங்கையை ஊன்றித் தாங்க நினைக்கும் இயல்பை முதலில் மறக்க வேண்டும். அந்த ஒரு சின்ன மூட்டில் மொத்த உந்தமும் இறங்கினால் முறிவு நிச்சயம். பதிலாக, கையை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி நீட்டி, உள்ளங்கையிலிருந்து தோள் வரை ஒரே வீச்சில் தரையை அறைய வேண்டும். தொடும் பரப்பு பெரிதாகிறது, உந்தத்தில் ஒரு பகுதி கை வழியே தரைக்குப் போகிறது. முன்னால் விழும்போது தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்பு வரை கோணலாக உருண்டால் நேரம் நீளுகிறது, விசை தணிகிறது. அந்த அறையின் சத்தம்தான் சண்டைக் காட்சியில் ‘தொப்’பென்று கேட்கிறது. ஒலிக்கூடத்தில் அதை இன்னும் பெரிதாக்கித் தருகிறார்கள்.

ஒரு வீழ்ச்சி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதிலும் திரைக்கென்று தனி இயற்பியல் உண்டு. ஒன்றரை மீட்டர் விழ 0.55 நொடி ஆகும். நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும் திரையில் அது 13 சட்டங்கள். சண்டை விறுவிறுப்பாக இருக்க வேண்டும் என்று சில மாஸ்டர்கள் நொடிக்கு 20 சட்டங்களாக எடுத்து 24-ஆக ஓட்டுவார்கள். அசைவு 1.2 மடங்கு வேகமாகும். விழும் வேகத்தை வைத்துப் பார்த்தால், திரையில் தெரியும் புவியீர்ப்பு 1.44 மடங்கு, ஏனென்றால் அது வேக விகிதத்தின் வர்க்கமாக மாறும். ஸ்லோமோஷனில் இது தலைகீழ். நொடிக்கு 60 சட்டங்களாக எடுத்தால் திரையில் ஈர்ப்பு ஆறிலொரு பங்குக்குக் குறைந்துவிடும், நிலவில் விழுவது போல. 120 சட்டங்கள் என்றால் இருபத்தைந்தில் ஒரு பங்கு. கதாநாயகன் தூக்கிப்போட்ட ஆள் காற்றில் மிதப்பது போலத் தெரிவதன் கணக்கு இது. மிதக்கும்போது முகத்தில் வலியைக் காட்டி, கையை விரித்து, தலையைச் சரியான பக்கம் திருப்பி ‘ரியாக்‌ஷன்’ தருபவருக்கு உண்மையில் கிடைத்த நேரம் அரை நொடிதான்.

ஜூடோவையும் ஸ்லோமோஷனையும் திரையில் முதலில் சேர்த்துவைத்தவர்களில் அகிரா குரோசாவா ஒருவர். 1943இல் வந்த அவருடைய முதல் படம் ‘சுகாதா சன்ஷிரோ’ ஜூடோ கற்கும் இளைஞனின் கதை. கானோவின் சீடர் ஒருவரை மனத்தில் வைத்து எழுதிய நாவலிலிருந்து எடுத்தது. ஒரு மோதலில் எறியப்பட்டவர் சுவரில் மோதிச் சரிந்ததும், பெயர்ந்த சாளரத் திரை ஒன்று மெல்ல மெல்ல இறங்கி அவர்மேல் விழுகிறது. குரோசாவா அந்த வீச்சின் கனத்தை எறிந்தவரின் முகத்தில் காட்டவில்லை, விழுந்தவருக்குப் பின்னால் நடப்பதில் காட்டினார்.

‘முரட்டுக்காளை’யின் ரயில் சண்டைக்கும் இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1980இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ்.பி. முத்துராமன் இயக்கிய படம். ஓடும் ரயிலில் சண்டை என்றதும் எறியப்பட்டவன் பின்னால் பறந்துவிட மாட்டானா என்று தோன்றும். சீரான வேகத்தில் நேராக ஓடும் ரயிலில் ஆள்கள் இருவருக்கும் ரயிலின் வேகமே இருப்பதால், வீச்சு தரையில் நடப்பது போலவே நடக்கும், எதிர்க்காற்றைத் தவிர. சிக்கல் வளைவிலும் பிரேக்கிலும் வருகிறது. நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில், 400 மீட்டர் ஆரமுள்ள வளைவில் நிற்பவர் உள்பக்கமாக மூன்று டிகிரிக்கு மேல் சாய்ந்தால்தான் நிலை தப்பாது. மூன்று டிகிரி என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு. ஒற்றைக் காலை உயர்த்தி எதிராளியை இடுப்பில் ஏற்றிய கணத்தில் வளைவு வந்தால் இருவரும் போய்விடுவார்கள். அந்தக் காலத்தில் ரோப்பை அழிக்கக் கணினி கிடையாது. ஃபைட்டர்கள் தங்கள் கால்களை நம்பித்தான் நின்றார்கள்.

இன்று பாதுகாப்புக் கச்சை, மெத்தை, ஒத்திகை எல்லாம் கூடியிருக்கின்றன. ஆபத்து போய்விடவில்லை. 2025 ஜூலை 13 அன்று, நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் ‘வேட்டுவம்’ படப்பிடிப்பில், சாய்தளத்தில் ஏறிக் கார் கவிழும் காட்சியில் சண்டைக் கலைஞர் மோகன்ராஜ் உயிரிழந்தார். எஸ்.எம். ராஜு என்று திரையுலகில் அறியப்பட்டவர். மேலே 70 கிலோ, 80 கிலோ என்று போட்ட கணக்கில் ஒரு காரின் எடையை வைத்துப் பார்த்தால், உந்தம் எந்த அளவுக்குப் போகும் என்பது எவருக்கும் விளங்கும். அந்த மரணத்துக்குப் பிறகு, இந்தியாவெங்கும் அறுநூற்றுக்கும் மேற்பட்ட சண்டைக் கலைஞர்களுக்கு நடிகர் அக்‌ஷய் குமார் காப்பீட்டுக்கு ஏற்பாடு செய்த செய்தி வெளியே வந்தது. இவ்வளவு பெரிய தொழிலில் அது ஒரு தனிமனிதரின் முயற்சியாக இருக்க வேண்டியிருந்தது வருத்தத்துக்குரியது.

விருதுகளிலும் இந்தக் கணக்கு நேராகவில்லை. இந்திய தேசியத் திரைப்பட விருதுகளில் சண்டை இயக்கத்துக்கான பிரிவு 2017இல் அறிவித்த 64ஆவது விருதுகளில்தான் முதன்முதலாக வந்தது. மலையாளப் படமான ‘புலிமுருகன்’ அதைப் பெற்றுத்தந்தது, பெற்றவர் பீட்டர் ஹெய்ன். ஆஸ்கர் இன்னும் தாமதம். சண்டை வடிவமைப்புக்கென ஒரு விருதை 2025 ஏப்ரலில்தான் அறிவித்தார்கள், 2028இல் நடக்கும் நூறாவது விழாவில் முதல்முறையாகத் தரப்போகிறார்கள். இரண்டும் சண்டையை வடிவமைப்பவருக்கானவை. தன் நிறை மையத்தை 12 சென்டிமீட்டர் முன்னால் கொண்டுவந்து, எம்பி, அரை நொடியில் உருண்டு, உள்ளங்கையால் தரையை அறைகிறவருக்கான பிரிவு இரண்டிலும் இல்லை.